ஆயில் என்ஜின் கரும்புகை கக்கினால்...

இறவைக்கு ஓடும் ஆயில் என்ஜின் கரும்புகை கக்கினால், டீசல் முழுவதும் எரியாமல் வீணாகிறது என்று பொருள். முதலில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். அதன் பின்னும் புகை குறையாவிட்டால் இன்ஜெக்டரில் பழுது இருக்கலாம்.

இன்ஜெக்டரின் நாசில் வழியே டீசல், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் பனிப்படலம் போல் பீய்ச்சப்பட வேண்டும். நாசில் தேய்ந்தாலோ, தூசி அடைத்தாலோ சொட்டாக வடியும். சொட்டு சரிவர எரியாது. எனவே டீசல் டிரம்மை ஓரிரவு அசையாது வைத்து, மேலாக எடுத்து வடிகட்டி ஊற்றுங்கள். நாசிலைச் சோதனைக் கருவியுள்ள பட்டறையில் பார்ப்பதே நலம்.

பீய்ச்சும் நாசிலுக்கு எதிரே கையை நீட்டவே கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். ஊசி குத்தியது போன்ற புள்ளி மட்டுமே தெரிந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம்.