பழைய கல் வீடு வாங்குமுன்

வீடு வாங்கும்போது நம்மவர் பத்திரத்தை நன்றாகவே பார்ப்பார்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகிய எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து, பல பத்தாண்டுகள் பின்னோக்கிச் சென்று ஆராயச் செய்வார்கள். நல்ல பழக்கந்தான். ஆனால் அதே வீட்டின் சுவரையும் கூரையையும் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறோம்? ஒரு மாலைப் பொழுதில் தரகருடன் சென்று, கூடத்தில் நின்று, மாடிக்கு ஏறி இறங்கி, "காற்றோட்டமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாழ்நாள் சேமிப்பை அந்த அரை மணி நேரப் பார்வையை நம்பிக் கொடுத்துவிடுகிறோம்.

தொழிலின் பொருட்டுக் கொச்சிக்கு வந்து, மட்டாஞ்சேரியில் பல ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்து, பிறகு அங்கேயே ஒரு பழைய வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள எண்ணும் தமிழ்க் குடும்பங்களை முன்னிட்டே இதனைப் பேச முற்படுகிறேன். பழைய வீட்டை வாங்குவது தவறன்று. தடித்த சுவரும் ஓட்டுக் கூரையும் தேக்கு மரக் கதவுகளும் உள்ள வீடு, பேணினால் இன்னும் பல தலைமுறைக்கு நிற்கும். ஆனால் அச்சாரம் கொடுப்பதற்கு முன்பே, தேர்ந்த எஞ்சினீயர் ஒருவரைக் கொண்டு அதன் கட்டட உறுதியைச் சோதித்து, எழுத்து மூலம் அறிக்கை பெற்றுவிட வேண்டும். நான் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

மட்டாஞ்சேரி வீட்டுக்கு இச்சோதனை ஏன் இன்றியமையாதது? முதற் காரணம் அதன் கல். அங்குள்ள பழைய வீடுகளில் மிகுதியானவை செம்புரைக்கல்லால் ஆனவை. மலையாளத்தில் இதனை வெட்டுகல் என்பார்கள். பிரான்சிஸ் புக்கானன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர், 1807-இல் வெளிவந்த தம் பயண நூலில், மலபாரில் அங்காடிப்புரத்தருகே கண்ட இக்கல்லை விவரித்து, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு 'லாட்டரைட்' என்று பெயரிட்டார். நிலத்திலிருந்து வெட்டும்போது இது மென்மையாக இருக்கும். வெயிலும் காற்றும் பட்ட பிறகு இறுகும். ஆயினும் உள்ளே தேனடை போலத் துளைகள் நிறைந்தது. ஆதலால் நீரை உறிஞ்சும். நம் ஊர்க் கருங்கல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, "கல் வீடு, இதற்கென்ன கவலை?" என்று எண்ணுவோமாயின் ஏமாற நேரும்.

இரண்டாவது காரணம் மழை. கொச்சியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மதுரையில் பெய்வதைப்போல் இது மூன்று மடங்கிற்கும் மேல். மூன்றாவது காரணம் நிலம். மட்டாஞ்சேரி காயலை ஒட்டிய தாழ்ந்த நிலம். அடியில் சேறும் மணலும் உள்ளன. தோண்டினால் வெகு ஆழம் போகுமுன்னரே நீர் தென்படும். அந்நீரில் உப்பும் கலந்திருக்கும். நம் மொழியில் ஓதம் என்ற சொல் கடலேற்றத்தையும் குறிக்கும், சுவரில் ஏறும் ஈரத்தையும் குறிக்கும். மட்டாஞ்சேரியில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்பதை அங்கே குடியிருப்போர் அறிவர்.

இம்மூன்றும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு யூதத் தெருப் பகுதியிலேயே சான்று இருக்கிறது. 1568-இல் எழுந்த பரதேசி யூதக் கோயில் இன்றும் நிற்கிறது. 1760-ஐச் சேர்ந்த அதன் மணிக்கூண்டு சிதைந்துவந்தபோது, 1990-களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு செப்பனிடப்பட்டது. அங்கிருந்து வெகு தூரமில்லாத கடவும்பாகம் யூதக் கோயிலின் கதை வேறு. வழிபட்ட மக்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். உள்ளே இருந்த அழகிய மரவேலைப்பாடுகள் 1990-களில் எருசலேம் நகரத்து இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. கட்டடம் மட்டும் கவனிப்பாரின்றி நின்றது. 2019 செப்டம்பரில் பெய்த மழையில் அதன் முகப்புப் பகுதி இடிந்து விழுந்தது. இரண்டின் மீதும் பெய்தது ஒரே மழைதான். கட்டடத்தின் வயது அன்று, அதற்குக் கிடைத்த பராமரிப்பே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. விலைக்கு வரும் வீடு இவ்விரண்டில் எதனைப் போன்றது என்பதை வெள்ளையடித்த சுவர் நமக்குச் சொல்லாது.

"குறை இருந்தால் விற்பவர் சொல்லமாட்டாரா?" என்று சிலர் கேட்கலாம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, விற்பவர் முக்கியமான குறைகளை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. ஆனால் எத்தகைய குறைகளை? விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருப்பவை. அதோடு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாதவை. கண்ணுக்கு எட்டிய விரிசலைக் காணாமல் விட்டுவிட்டு, பின்னர் வழக்காடுவது கடினம் என்பது இதனால் விளங்கும். பார்க்க வேண்டிய பொறுப்பைச் சட்டம் பெரும்பாலும் நம்மிடமே விட்டிருக்கிறது.

இனி, சோதனையை யாரிடம் ஒப்படைப்பது என்று பார்ப்போம். கட்டட எஞ்சினீயராக இருந்தால் மட்டும் போதாது. செம்புரைக்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் பழகியவராக இருக்க வேண்டும். புதிய கான்கிரீட் வீடுகளை மட்டுமே அறிந்தவர், "இடித்துவிட்டுக் கட்டுங்கள்" என்று எளிதில் சொல்லிவிடக்கூடும். விற்பவரோ தரகரோ அழைத்துவரும் ஆளும் வேண்டாம். நாமே தேடி, நாமே கூலி கொடுத்து அமர்த்துபவர்தாம் நம் பொருட்டுப் பேசுவார். அவருடன் ஓர் ஆசாரியையும் அழைத்துச் செல்வது நன்று. மரத்தின் நோயை ஆசாரியின் கை விரைவில் அறியும்.

காலமும் முக்கியம். விற்பவர் வீட்டைக் காட்ட விரும்புவது மாசி, பங்குனி மாதங்களில். நாம் பார்க்க வேண்டியதோ, மலையாளிகள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழையின்போது, அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. அதுவரை காத்திருக்க இயலாவிடில், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், காயலில் நீர் ஏறும் வேளையில் சென்று சாக்கடையைப் பாருங்கள். நீர் வெளியே செல்கிறதா, வீட்டை நோக்கித் திரும்புகிறதா என்பது தெரிந்துவிடும். வீட்டுத் தளம் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தெருவைப் பல முறை உயர்த்திப் போட்டிருந்தால், ஒரு காலத்தில் படியேறிச் சென்ற வீட்டுக்குள் இப்போது இறங்கிச் செல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது சுவர். தரையிலிருந்து இடுப்பளவு வரை வெண்ணிற உப்புப் பூத்திருந்தால், நிலத்து நீர் சுவரில் ஏறுகிறது என்று பொருள். நீர் காய்ந்து போகும். அது கொணர்ந்த உப்பு கல்லின் துளைகளில் படிகமாகிக் கல்லையே பொடியாக்கும். பழங்காலத்தவர் சிப்பிச் சுண்ணாம்புக் காரையால் இச்சுவர்களைப் பூசினார்கள். கும்மாயம் என்பது அதற்கு அவ்வூர்ப் பெயர். அதன் வழியே சுவரின் ஈரம் வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளிவர வழியின்றி உள்ளேயே தங்கி, மேலும் உயரே ஏறும். ஆதலால் அண்மையில் சிமெண்டு பூசப்பட்டு மினுமினுக்கும் சுவரைக் கண்டால் மகிழாமல், "ஏன் பூசினீர்கள்?" என்று கேளுங்கள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால், பூச்சு கல்லை விட்டு விலகிய இடத்தில் வெற்றொலி கேட்கும்.

விரிசல் எல்லாம் ஆபத்தானதன்று. சன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து இறங்கும் விரிசல், அடித்தளம் ஒரு பக்கம் அமிழ்வதைக் காட்டக்கூடும். கூரையின் கீழே படுக்கைவாட்டில் ஓடும் விரிசல், கூரை சுவரை வெளியே தள்ளுவதைக் காட்டக்கூடும். பழைய கட்டும் பிற்காலக் கட்டும் சேருமிடத்தில் நேர்குத்தாக உள்ள விரிசல் அவ்வளவு அச்சம் தருவதன்று. விரிசலின் விளிம்பு மழுங்கி, உள்ளே தூசியும் வண்ணமும் படிந்திருந்தால் அது பழையது. விளிம்பு கூர்மையாகவும் தூய்மையாகவும் இருந்தால், அது இன்னும் வளர்கிறது என்று ஐயுற வேண்டும். ஐயத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சாந்தால் ஒட்டி, தேதி எழுதி விடுவார்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு காட்டிவிடும்.

பின்னர், மரமும் கூரையும். மலையாளிகள் கழுக்கோல் என்று வழங்கும் சாய்வுக் கைமரங்கள் சுவரின்மேல் அமரும் முனைகள்தாம் முதலில் உளுக்கும்; ஏனெனில் ஓடு உடைந்து ஒழுகும் நீர் அங்கேதான் சேரும். கீழே நின்று பார்த்தால் இது தெரியாது. ஏணி வைத்து ஏறி, கூரிய ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் எதிர்க்கும். கெட்ட மரத்தில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். கரையானை அங்கே சிதல் என்பார்கள். அது நம் பழந்தமிழ்ச் சொல்லே. கதவு நிலையின் அடிப்பகுதியிலும், மாடித் தளத்தின் உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்திலும் சிதலைத் தேட வேண்டும்.

மட்டாஞ்சேரிக் கடைவீதிகளில் பல வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் இருக்கலாம். அண்டை வீடு பாழடைந்து, அதன் கூரை நீர் நம் சுவரில் இறங்கினால், நம் வீட்டை எத்தனை முறை செப்பனிட்டாலும் பயனில்லை. ஆகவே அண்டை வீட்டாரின் இசைவு பெற்று அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அந்தச் சுவர் யாருடையது என்பதைப் பத்திரத்தில் தெளிவுபடுத்திக்கொள்வதும் நலம்.

எஞ்சினீயரின் அறிக்கை மூன்று பிரிவாக அமையும்படி கேளுங்கள்: உடனே செய்யவேண்டியவை, ஓரிரண்டு ஆண்டுகளில் செய்யவேண்டியவை, கவனித்துவர வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் பார்க்க முடியாத இடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். பூட்டிய அறையில்தான் பெருங்குறை இருக்கக்கூடும். அச்செலவுத் தொகையை விலையோடு கூட்டினால் வரும் எண்தான் வீட்டின் உண்மையான விலை. அதைக்கொண்டு விற்பவரிடம் பேரம் பேசலாம். அல்லது நன்றி கூறி விலகிக்கொள்ளலாம். முன்னதாகவே அச்சாரம் கொடுக்க நேர்ந்தால், சோதனையில் பெருங்குறை தெரிந்தால் பணம் திரும்பும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

செப்பனிடும் உரிமையையும் அப்போதே விசாரியுங்கள். மட்டாஞ்சேரி அரண்மனை மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்ப, 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் தடை விதித்தது. பழுதுபார்ப்பதற்கும் அனுமதி பெற வேண்டும். "வாங்கி இடித்துக் கட்டிக்கொள்ளலாம்" என்ற எண்ணம் அங்கே பலிக்காமற் போகலாம். ஆதலால் பழைய சுவர் நிற்குமா என்ற கேள்வி அவ்விடத்தில் இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

சோதனைக்கு ஆகும் செலவு வீட்டு விலையில் மிகச் சிறு பங்கே. இருப்பினும் பலர் தயங்குவதற்குக் காரணம் பணம் மட்டுமன்று. வீடு பிடித்துப்போன பிறகு அதன் குறையைக் கேட்க மனம் ஒப்புவதில்லை. தேடித் தேடிக் கிடைத்தது கை நழுவுமோ என்ற அச்சம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அந்த அச்சம் இன்னும் மிகுதி. ஆனால் ஊரில் இருப்பவருக்கு வீடு இடிந்தால் ஒதுங்க ஓர் உறவினர் வீடு உண்டு. நமக்கோ, வாங்கிய வீடுதான் அவ்வூரில் உள்ள ஒரே கூரை. அதன் கீழே உறங்கப்போகும் குழந்தைகளை எண்ணிப் பார்த்தால், மழைக்காலம் ஒன்று பொறுத்திருந்து, எஞ்சினீயரின் சொல்லைக் கேட்ட பின்னர் அச்சாரம் கொடுப்பது பெரிய சிரமமாகத் தோன்றாது.