ரூ. 49,990-க்கு ஒரு விளையாட்டுச் சாதனம்: விலையின் ஒரு பகுதி தில்லியில் நிர்ணயம்

புது தில்லி: மத்திய நிதிநிலை அறிக்கையை 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் தாக்கல் செய்தார். அதற்கு மறுநாள் சோனி நிறுவனத்தின் "பிளேஸ்டேஷன் 5" வீடியோ கேம் சாதனம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை எனத் தோன்றலாம். ஆனால், அச்சாதனத்தின் விலையில் கணிசமான பகுதி தில்லியில் எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவே.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பர் 12-ஆம் தேதியே வெளியான இச்சாதனத்துக்காக இந்திய ரசிகர்கள் ஏறத்தாழ 3 மாதங்கள் காத்திருந்தனர். டிஸ்க் வசதி கொண்ட மாடலின் விலை இங்கு ரூ. 49,990. அமெரிக்காவில் அதன் விலை 499.99 டாலர், அன்றைய மாற்று மதிப்பில் சுமார் ரூ. 36,500. அங்குள்ள மாநில விற்பனை வரி அதில் சேரவில்லை என்றாலும், இடைவெளி பெரிதுதான்.

வரியின் பங்கு: வீடியோ கேம் சாதனங்களுக்கான அடிப்படைச் சுங்க வரி, 2018 பிப்ரவரியில் அருண் ஜேட்லி தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், இவற்றின் மீதான 28 சதவீத வரியை 18 சதவீதமாகக் குறைத்தது. சமூக நலக் கூடுதல் வரியையும் சேர்த்தால், ரூ. 100 மதிப்புள்ள இறக்குமதிச் சாதனம், வணிகரின் லாபம் சேருவதற்கு முன்பே சுமார் ரூ. 144 ஆகிவிடுகிறது.

உள்நாட்டு வேலைவாய்ப்பை ஊக்குவிக்கவே சுங்க வரி உயர்வு என 2018-இல் விளக்கம் அளிக்கப்பட்டது. ஆனால், 3 ஆண்டுகள் கழித்து வந்த இச்சாதனமும் இறக்குமதிப் பொருளாகவே வந்தது. சுமை வாங்குவோர் மீது விழுந்தது.

விளையாட என்ன இருந்தது?: இவ்வளவு செலவிட்டவருக்குக் கிடைத்த விளையாட்டுகளின் பட்டியலும் நிறைவளிப்பதாக இல்லை. ரூ. 4,999-க்கு விற்கப்பட்ட "டீமன்ஸ் சோல்ஸ்", 2009-இல் வெளியான விளையாட்டின் மறு உருவாக்கம். ஸ்பைடர்மேன் வரிசையின் "மைல்ஸ் மொராலஸ்", "சாக்பாய்" ஆகியவற்றைப் பழைய பிளேஸ்டேஷன் 4-லும் விளையாட முடிந்தது. சாதனத்துடன் இலவசமாக வந்த "ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்" மட்டுமே பலருக்கு ஆறுதல். இந்திய வாழ்வைச் சொல்லும் விளையாட்டு எதுவும் சோனியின் அறிமுகப் பட்டியலில் இல்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்ட "வெண்பா" இச்சாதனத்துக்கு வந்தது 2023-இல்தான். அதுவும் டொராண்டோவில் உருவானது.

இக்குறை புதிதன்று. 2006 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டின் "எக்ஸ்பாக்ஸ் 360" ரூ. 19,990 தொடக்க விலையில் வந்தது. 2007 ஏப்ரலில் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் விலையோ ரூ. 39,990. அப்போதும் விலையைக் கண்டு பின்வாங்கியோர் பலர்.

எனினும், 2021 ஜனவரி 12-ஆம் தேதி முன்பதிவு தொடங்கிய சில நிமிஷங்களிலேயே பிளேஸ்டேஷன் 5-இன் இருப்பு தீர்ந்தது. 2022 நவம்பரில் விலை ரூ. 54,990 ஆக உயர்த்தப்பட்டது. வசதி படைத்தோர் எந்த விலையிலும் வாங்குவர் என்பதையே இது காட்டுகிறது. கைப்பேசித் திரையோடு நின்றுவிட்ட நடுத்தரக் குடும்பத்து இளைஞருக்கு, பாதுகாக்க உள்நாட்டு உற்பத்தியே இல்லாத ஒரு பொருளின் மீது காப்பு வரி எதற்கு என்ற கேள்வி எஞ்சியே இருக்கிறது. அதற்கு விடையளிக்க வேண்டியது டோக்கியோ அல்ல, தில்லி.