கார் ஸ்டார்ட் ஆகலையா? ஃப்யூல் பம்பை மாற்றும் முன் வயரைப் பாருங்க

நீங்கள் ஹைதராபாத் குஷாய்குடாவில் குடியிருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். இரவு முழுக்க மழை. காலையில் ஆபீஸ் கிளம்பச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், "பம்ப் போயிருச்சு சார், மாத்தணும்" என்கிறார்.

தலையாட்டினால் பல ஆயிரம் ரூபாய் செலவு. அதன் பிறகும் பிரச்னை தீராமல் போகலாம். ஏனென்றால் பம்ப் நன்றாக இருந்தும், அதற்குப் போதுமான கரன்ட் போய்ச் சேராமல் இருக்கலாம்.

பெட்ரோல் காரில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. பேட்டரியில் கிளம்பும் கரன்ட் ஃபியூஸ், ரிலே, நீளமான வயர், கப்ளர் என்று போய் பம்பை ஓட்டி, எர்த் வழியாகத் திரும்புகிறது. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும், பெரும்பாலான கார்களில் பின்சீட் பக்கம் இரண்டு விநாடி 'உய்ங்' என்று சத்தம் கேட்கும். கேட்கலையா? முதலில் ஃபியூஸ். அடுத்து ரிலே: ஹாரன் ரிலேயில் அதே பார்ட் நம்பர் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்த கட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், "வயர் ஓகே" என்று முடிவு செய்துவிடுவார்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்திருந்தாலும் மீட்டர் அதே 12 வோல்ட்டைத்தான் காட்டும். லோடு இல்லாத வயரில் வோல்டேஜ் இறங்காது. பம்ப் ஓடி 5 ஆம்பியர் இழுக்கும்போது, துருப்பிடித்த ஓர் இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே 2.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அந்த இழப்பு வெப்பமாக மாறி கப்ளரின் பிளாஸ்டிக்கையும் உருக்கும். அதனால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது, "பம்ப் ஓடும்போது கப்ளர்ல எத்தனை வோல்ட் வருது? எர்த் பக்கம் எவ்வளவு டிராப்?" என்பதுதான். (தனி கன்ட்ரோல் மாட்யூல் மூலம் பம்ப் வேகத்தை மாற்றும் கார்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.)

வயர் கெடுவதற்குத் தண்ணீரும் எலியும் வழக்கமான காரணங்கள். பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முந்தைய ஓனர் ஜிபிஎஸ் டிராக்கரோ திருட்டுத் தடுப்புக் கருவியோ மாட்டியிருந்தால், பம்ப் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே வைத்திருக்கக்கூடும். டேப் மட்டும் சுற்றிய அந்த ஜாயின்ட் நாளடைவில் தளரும். ஓடும் வண்டி நடுரோட்டில் நின்றுபோக அது போதும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போடவே போடாதீங்க. எங்கோ ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயர், அதுவும் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில். பெட்ரோல் வாசனை வந்தால் எந்தக் கப்ளரையும் தொடாமல் விலகிவிடுங்கள்.

பம்பே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 2020 ஜூலையில் மாருதி சுசுகி ஃப்யூல் பம்ப் கோளாறுக்காக 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டாவும் இதே காரணத்துக்காக 90,000-க்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்தது. இரண்டிலும் பம்பை மாற்றித் தருவது இலவசம். உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை, சேஸிஸ் நம்பரை வைத்து நிறுவனத்தின் இணையதளத்திலோ டீலரிடமோ தெரிந்துகொள்ளலாம்.