மூலமும் படியும்

தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் கனடாவிலுள்ள என் அண்ணன் மகன் நீண்ட பெட்டியொன்றை அனுப்பிவைத்தான். திறந்ததும் ஒரு கணம் திகைத்தேன். காலஞ்சென்ற என் தந்தையாரின் ஹவாய்க் கிற்றாரே உள்ளே கிடப்பதுபோல் தோன்றிற்று. அதே கருமை, அதே வெள்ளித் தகடுகள், தந்திகளின் மேல் வளைந்து நிற்கும் அதே காந்த வளையம். உடனிருந்த கடிதம் உண்மையைக் கூறிற்று: "சித்தப்பா, இது பழையதைப் பார்த்துச் செய்த புதியது. தங்கச்சி இதிலே பழகட்டும். தாத்தாவுடையதை இங்கே ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். வீட்டுக் கூரையைத் திருத்திக்கொள்ளலாம்."

கூரை ஒழுகுவது உண்மை. கெலிஓயாவின் மழை ஆசிரியன் வீடென்று இரக்கம் காட்டுவதில்லை. ஆகவே நான் உடனே மறுத்தெழுதவில்லை. இரண்டு வாத்தியங்களையும் மேசைமேல் அருகருகே கிடத்தி, பாடபேதம் பார்ப்பவனைப்போல் ஆராயத் தொடங்கினேன்.

என் தந்தையார் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராயிருந்தவர். தாயகம் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் 1961ஆம் ஆண்டில் விற்றுச்சென்ற பொருள்களுள் இக்கருவியும் ஒன்று. மாலை வேளைகளில் அதனை மடியில் கிடத்தி, இடக்கையிலே உருக்குத் தண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கியவாறு, வலக்கை விரல்களால் அவர் மீட்டுவார். லயத்துச் சிறுவர்கள் வாசலில் கூடுவர்.

கோட்டுவாத்தியத்தை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. அதிலும் மெட்டுக்கள் இல்லை. மரத்துண்டொன்றைத் தந்திகளின் மேல் வழுக்கியே சுரம் பிறப்பிக்கப்படுகிறது. திருவிடைமருதூர் சகாராமராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அக்கருவிக்குப் பெருமை தேடித்தந்தவர்கள். ஹவாய்த் தீவிலோ, 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஜோசப் கெக்குக்கு என்னும் இளைஞர் கிற்றாரை இவ்வாறு வாசிக்கும் வழக்கைப் பரப்பினார். கமகத்துக்கு இடந்தருவதால் இந்திய இசையும் அதனை ஏற்றுக்கொண்டது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி இராகங்களை இசைத்தார். மோகன வீணையென அதனைத் திருத்தியமைத்த விஸ்வ மோகன் பட், 1994இல் கிராமி விருதும் பெற்றார்.

மரக்கிற்றாரின் மெல்லொலி பெரிய வாத்தியக் குழுவின் நடுவே அமிழ்ந்துபோயிற்று. இக்குறையை நீக்க, அமெரிக்காவில் ஜோர்ஜ் பீச்சம் என்பவர் 1931இல் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் அமைப்பொன்றை வகுத்தார். அடொல்ப் ரிக்கன்பாக்கரின் துணையோடு 1932இல் அது விற்பனைக்கு வந்தது. அலுமினியத்தில் வார்க்கப்பட்ட வட்ட உடலும் நீண்ட கழுத்துமாயிருந்ததால், மக்கள் அதனைப் பொரிக்கும் சட்டி என்றே அழைத்தனர். மேடை விளக்கின் வெப்பத்தில் அலுமினியம் விரிந்து சுருதி விலகவே, 1935இல் பேக்கலைட்டினால் வேறொரு வகை செய்யப்பட்டது. தந்தையாரின் கருவி இவ்வகையினது. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்டவற்றில் காந்தத்தின் அகலம் ஒன்றரை அங்குலம். பிற்பட்டவற்றில் ஒன்றேகால் அங்குலம். அடிமட்டத்தை வைத்து அளந்தேன், ஒன்றரை இருந்தது.

இனி ஒப்புநோக்கு. பழையது கல்லைப்போல் கனக்கிறது. புதியது கறுப்பு வர்ணம் பூசிய மரம். இது பெருங்குற்றமன்று. பழையதில் குதிரைலாட வடிவான இரு காந்தங்கள் எதிரெதிராய் நின்று தந்திகளைச் சூழ்கின்றன; தந்தி அந்த அணைப்புக்குள்ளேயே அதிர்கிறது. புதியதன் வளையத்தருகே ஓர் ஆணியைக் கொண்டுசென்றேன், ஒட்டவில்லை. அது வெறும் அலங்காரத் தகடு. காந்தம் தந்திகளுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. மகள் ஒரே பாடலை இரண்டிலும் வாசித்தாள். புதியதன் ஒலி தெளிவாயினும் மெலிந்தது. பழையதிலோ, ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குச் செல்லும் வழியும் நிறைந்தொலித்தது.

புதியதற்கும் நியாயம் வழங்கவேண்டும். அதன் முறுக்காணிகள் சுருதியை நிலைநிறுத்துகின்றன. பழையவை அடிக்கடி தளர்கின்றன. பேக்கலைட் கீழே விழுந்தால் வெடித்துவிடும். கற்கும் பிள்ளையின் கையில் மரமே பாதுகாப்பானது. ஆயின், ஒன்றை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. புதியதன் விளிம்புகளை வேண்டுமென்றே சுரண்டி, பழமையை வரவழைத்திருக்கிறார்கள். தந்தையாரின் கை படிந்து படிந்து மங்கிய இடம் பழையதில் இருக்கிறது. அந்த மங்கலுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன. இந்தச் சுரண்டலுக்கு ஒரு நாழிகையும் சென்றிராது.

மூலத்தைப் போற்றிப் படியை இகழ்வது தமிழாசிரியனுக்குத் தகாது. சங்கப் புலவர் தம் கையால் எழுதிய ஏடு ஒன்றேனும் நம்மிடம் உண்டோ? நம்மை வந்தடைந்தவை யாவும் படியின் படிகளே. உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கியன்றோ நூல்களை மீட்டளித்தார்! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, படியில்லாத ஏடுகள் அன்றோடு அழிந்தன. படியே பண்பாட்டின் காப்பு. ஆயினும் ஏடு பெயர்த்தெழுதியவருள் நல்லோர், எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் இறுதியிற் குறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொண்டனர். தம் ஓலையைப் புகையிலிட்டுப் பழையதென்று காட்ட அவர்கள் முயலவில்லை. எழுத்தின் வடிவைமட்டும் பார்த்துப் பொருளறியாமல் எழுதியவனால்தான் பாடம் சிதைந்தது. காந்தத்தை விட்டு வளையத்தைமட்டும் செய்தவனும் அவனுக்கு உறவினனே.

அண்ணன் மகனுக்கு மறுமொழி எழுதிவிட்டேன். "தம்பி, உன் அன்பளிப்பால் பிள்ளை நாள்தோறும் பழகுகிறாள், அதற்கு என் ஆசி. தாத்தாவின் வாத்தியத்தை விற்கமாட்டேன். விற்றால், இந்தப் படி எதற்குப் படியென்று அவளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இராது." கூரைத் தகரத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டிருக்கிறேன்.

புதியதன் பெட்டிக்குள் ஒரு தாளும் ஒட்டிவைத்திருக்கிறேன்: 'இது படி. உடல் மரம். வளையம் தோற்றத்துக்கு மட்டும். தேய்மானம் செயற்கை. கற்பதற்கு நன்று.' ஐம்பது ஆண்டுகள் கழித்து இதனைத் திறப்பவர் ஏமாறலாகாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் மகள் பழையதை மடியில் எடுத்துக்கொள்கிறாள். தந்தையாரின் கை தங்கிய இடத்தில் அவளுடைய சிறுகை இப்போது தங்குகிறது.