பணிக்கேற்ற செயலி

துறைமுகத்தில் அருகருகே உள்ள பெட்டிகளைப் பல கிரேன்கள் ஒரே நேரத்தில் இறக்கலாம். மேற்பெட்டியை எடுத்த பின்னரே கீழ்ப்பெட்டியை எடுக்க இயலுமெனில், ஒரு கிரேனின் வேகமே காலத்தைத் தீர்மானிக்கும். இராயபுரத்து மாணவர் இதனை நன்கறிவர்.

கணினிச் செயலியின் 'கோர்'களும் அத்தகையனவே. காணொளியைத் தொகுத்து இறுதிக் கோப்பாக மாற்றும் பணியைப் பல கோர்கள் பகிர்ந்துகொள்ளும். விளையாட்டின் கணக்கீடுகளோ பெரும்பாலும் ஒன்றையொன்று சார்ந்தவை. அங்கு ஒரு கோரின் வேகமும், தரவை அருகிலேயே வைத்திருக்கும் கேச் நினைவகமும் மிகுபயன் தரும்.

2020இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ரைசன் 9 5950எக்ஸ் செயலியில் 16 கோர்களும் 64 மெகாபைட் மூன்றாம்நிலைக் கேச்சும் உள்ளன. 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியில் கோர்கள் எட்டே. கேச்சோ 96 மெகாபைட். காணொளித் தொகுப்பில் முன்னது சிறந்தது. விளையாட்டுகள் பலவற்றில் பின்னது முந்தியது.

விளையாட்டின் காட்சிகளை வரைவது வரைகலை அட்டை. எனவே முழுத்தொகையையும் செயலிக்கே செலவிடலாகாது. மிகச் சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; ஆதலால் நல்ல குளிர்விப்பானும் தேவை. பெற்றோரின் உழைப்பில் வந்த பணத்துடன் ரிச்சித் தெருவுக்குச் செல்லும் முன், நம் பணி எதுவெனத் தெளிதல் வேண்டும். விலை மிகுந்தது எல்லாம் நமக்கு ஏற்றது ஆகாது.