குளிரைக் காக்கும் வழி

வலங்கைமானில் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் காற்றுக்கு வழி விடுவதையே முதற் காரியமாகக் கருதினார்கள். வாசற்கதவைத் திறந்தால் ரேழி, கூடம், முற்றம் யாவற்றையும் கடந்து கொல்லைப்புறம் வரையில் காற்று ஓடும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும். விசிறி கூட இல்லாத நாளில் இது மெத்த நல்ல ஏற்பாடு.

ஆனால் அதே வீட்டின் அறையொன்றில் குளிரூட்டும் இயந்திரத்தை மாட்டிவிட்டால், அந்த ஏற்பாடே நம் பணப்பைக்குச் சத்துருவாகி விடுகிறது. சென்ற கோடையில் இதை நாம் அநுபவத்தில் கண்டோம். அக்கினி நட்சத்திர நாட்களில் வயது முதிர்ந்த நம் தாயார் உறக்கமின்றித் தவிப்பதைச் சகியாமல், காமரா உள்ளில் ஓர் இயந்திரம் பொருத்தினோம். இரவு முழுவதும் அது ஓயாமல் ஓடிற்று. அறையோ அரைகுறையாகவே குளிர்ந்தது. மின்கட்டணத் தொகையைக் கேட்டதும், "நிறுத்திவிடப்பா, எனக்கு விசிறியே போதும்" என்று சொல்லிவிட்டார் தாயார்.

கோளாறு எங்கே? விசிறியை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி அறையைச் சுற்றி வந்தோம். கதவின் அடியில் புகை வெளியே இழுபட்டது. மேலேயுள்ள வென்டிலேட்டரிலோ உள்ளே தள்ளப்பட்டது! குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே வழிந்தோட, அதற்கு ஈடாக வெப்பக் காற்று மேலே நுழைந்து கொண்டிருந்தது. ஜன்னல் சட்டத்தின் ஓரங்களிலும், குழாய்க்காகச் சுவரில் இட்ட துவாரத்திலும் இதே கதைதான்.

காவிரிப் பாசனப் பிரதேசத்தின் காற்றில் ஈரம் மிகுதி. நுழையும் காற்றின் வெப்பத்தைப் போக்குவதோடு, அதிலுள்ள ஈரத்தையும் இயந்திரம் நீராக்கி வெளியேற்ற வேண்டும். வெளிக்குழாயில் சொட்டுவது அந்த நீரே. நீராவி குளிர்ந்து ஒரு லிட்டர் நீராகும்போது விடும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒவ்வோர் இடுக்கும் இயந்திரத்துக்கு எவ்வளவு வேலை வைக்கிறது, பாருங்கள்!

பரிகாரம் எளிது. கதவடியில் ரப்பர்ப் பட்டை அடித்தோம். அது வரும்வரை சுருட்டிய பழைய வேஷ்டியே போதுமானதாயிருந்தது. ஜன்னல் ஓரங்களையும் குழாய்த் துவாரத்தையும் தச்சர் மக்கு வைத்து அடைத்தார். வென்டிலேட்டருக்குக் கண்ணாடி போட்டார். அன்றிரவே இயந்திரம் இடையிடையே ஓய்ந்தது.

நட்சத்திரக் குறியுள்ள குளிரூட்டிகள் 24 டிகிரியில் துவங்க வேண்டுமென்ற விதி 2020 ஜனவரி 1-இல் அமுலுக்கு வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமென்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. இடுக்கடைத்த அறையில் 26 டிகிரியே நமக்குச் சுகமாயிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: அடைத்த அறைக்குள் கரித்தணலோ, சாம்பிராணித் தூபமோ கூடவே கூடாது, நச்சு வாயு தேங்கும். விடிந்ததும் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

ஆகவே வாசகர்களே, முற்றத்தை மூடாதீர்கள், கூடத்தை அடைக்காதீர்கள். குளிரூட்டும் அறை ஒன்றை மட்டும் செம்மையாக அடையுங்கள். நம் தாயார் இப்போது செலவைப் பற்றிய கவலையின்றி உறங்குகிறார்.