உங்களுக்குத் தெரியுமா? பனியைத் தாங்கிய மொட்டு

அசேலியா, நம் நீலகிரிச் சோலைகளில் சிவக்கப் பூக்கும் காட்டுப் பூவரசுக்கு உறவுமுறைச் செடி. அமெரிக்காவின் மினசோட்டாவில் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியசுக்கும் கீழே போகும். அங்கே நட்ட பழைய ரகங்கள் பல, செடி பிழைத்தாலும் வசந்தத்தில் பூக்கவில்லை. மொட்டை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் காரணம் தெரியும். உயிருள்ள மொட்டு உள்ளே பச்சையாக இருக்கும், பனியில் கருகியது பழுப்பாகிவிடும். முந்தைய கோடையிலேயே உருவாகும் மொட்டு, முழுக் குளிர்காலத்தையும் திறந்த கிளையில் கழித்தாக வேண்டுமே!

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1957-இல் இந்தக் குளிரைத் தாங்கும் மொட்டுக்கான கலப்பு முயற்சி தொடங்கியது. பெரிய பூக்கள் கொண்ட மொல்லிஸ் வகையை, கிராம்பு மணம் வீசும் வட அமெரிக்கக் காட்டு அசேலியாவோடு சேர்த்தார்கள். விதையோ தூசி போன்றது. முளைத்துப் பூப் பார்க்கவே சில ஆண்டுகள் ஆகும். 'நார்தர்ன் லைட்ஸ்' என்ற பெயரில் முதல் வெளியீடு வந்தது 1978-இல்.

அதன் மொட்டு மைனஸ் 35 டிகிரியிலும் பிழைக்கிறது. எனக்கு மிகவும் வியப்பூட்டுவது, அது பிழைக்கும் விதம்தான். மொட்டுக்குள் சுருண்டிருக்கும் குட்டிப் பூக்களின் நீர், உறைநிலைக்கு வெகு கீழே போன பிறகும் உறையாமல் திரவமாகவே இருக்கிறது. சுற்றியுள்ள செதில்களில் பனிக்கட்டி படிந்திருக்கும். உள்ளே பூ உயிரோடு காத்திருக்கும்.